கிடாவுக்கு மடி இல்லை, ஆனால் பால் அதன் வழியாகவும் வருகிறது

போன தை மாதம் மேச்சேரிப் பக்கம் ஒரு செம்மறிப் பட்டிக்குப் போயிருந்தேன். இருபத்தைந்து பெட்டை, இனப்பெருக்கத்துக்கு ஒரு பொலிகிடா. "குட்டியெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்குதுங்க டாக்டர், ஏதாவது ஊசி போடுங்க" என்றார் பட்டிக்காரர். புழுக்கையைப் பரிசோதித்தேன், குடற்புழு பெரிதாக இல்லை. தாய்களின் மடியைத் தொட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் பாலே இல்லை. முதல்முறை ஈன்ற இளம் பெட்டைகளிடம் இன்னும் மோசம்.

கிடா எங்கே வாங்கியது என்று கேட்டேன். இதே பட்டியில் பிறந்ததாம், ஐந்து வருடமாக இதுதானாம். நன்றாக வளர்ந்த கிடாக்குட்டிகள்? "அதெல்லாம் பக்ரீத்துக்குப் போயிடுங்க. விலை போகாம நின்னது இது."

பல பட்டிகளில் இதுதான் நடக்கிறது. வேகமாக வளர்ந்தது சந்தைக்கு, மிஞ்சியது இனப்பெருக்கத்துக்கு. அப்புறம் அதன் மகள்களோடே அது சேர்கிறது. தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததன் அளவு, 25 சதவீதம். குட்டி இறப்பு, எடைக் குறைவு, சினை பிடிக்காமை எல்லாம் அந்த வழியில்தான் கூடுகின்றன.

நாம் செம்மறியைப் பாலுக்காக வளர்ப்பதில்லை, சரி. ஆனால் முதல் ஒரு மாதம் குட்டிக்குத் தாய்ப்பால்தானே உணவு? பிரான்சில் ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டிக்காக லாகோன் இனச் செம்மறிகளைக் கறக்கிறார்கள். பால் சுரக்கும் குணம் கிடா வழியாகவும் மகள்களுக்கு இறங்கும், ஆனால் கிடாவைக் கறந்து பார்க்க முடியாது. அதனால் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று பல ஆண்டுகள் ஏடு வைத்துப் பார்த்துத்தான் அது நல்ல கிடாவா என்று முடிவு செய்தார்கள். 2015 முதல் மரபணுவைப் படித்தும் இளம் கிடாக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம், ஒரு நோட்டும் தொங்கு தராசும் போதும். முப்பதாம் நாளில் குட்டியை நிறுத்து எழுதுங்கள். அந்த எடை பெரும்பாலும் தாயின் பாலைத்தான் சொல்லும். ஒற்றைக் குட்டியா, இரட்டையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இரட்டை எப்படியும் எடை குறைவாகத்தான் இருக்கும். குட்டிகள் நல்ல எடை காட்டிய தாயின் மகனை விற்காமல் வையுங்கள். அதை உங்கள் பட்டியில் விடாமல், உறவில்லாத வேறொரு பட்டியின் கிடாவோடு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு விதையும் சமமாக இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், ஒற்றை விதைக் கிடா வேண்டவே வேண்டாம். மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிடுங்கள்.

பால் குறைவுக்குக் கிடா மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். சினையின் கடைசி ஒன்றரை மாதம் தீவனம் குறைந்தால் எந்த இனமும் சுரக்காது. அந்தப் பட்டியிலும் தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன். கிடாவை மாற்றச் சொன்னது அதற்கு அடுத்த வரியில்.