டிரைவர்: ஓட்டுநரா, இயக்கியா, தரகரா?

எங்கள் மாமா ஒருவர் பாலக்கோட்டுப் பக்கம். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர், ஊரில் கூத்து என்றால் விடிய விடிய ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவர். அவர் பாடும் கூத்துப் பாட்டு நாலையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று காவேரிப்பட்டணத்தில் என் வீட்டு மாடி அறையைத் தயார் செய்தேன். ஜன்னலில் இரண்டு கம்பளி, சுவரோரம் நிமிர்த்தி வைத்த மெத்தை, ஒரு மைக், மடிக்கணினி, மைக்கை அதோடு இணைக்கிற, புதிதாக வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி. எல்லாவற்றையும் செருகி, மாமாவைப் பாடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால் கோடு கோடாகவே நிற்கிறது, ஒரு அசைவு இல்லை. "டிரைவர் இல்ல மாமா, அதான் எடுக்க மாட்டேங்குது" என்றேன். மனுஷன் ஆர்மோனியத்தின் துருத்தியைச் சாத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இங்க உட்கார்ந்திருக்கறவன் யாருடா மாப்ள?"

கேலிக்குத்தான் கேட்டார், ஆனாலும் நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் டிரைவர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெங்களூர் ரோட்டில் ராத்திரியெல்லாம் ஓடும் லாரியும் அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் மனிதரும்தான். அதே அறையில் அன்று இன்னும் மூன்று டிரைவர் இருந்தன: மைக் ஸ்டாண்டை இறுக்க எடுத்து வந்த ஸ்க்ரூ டிரைவர் (அதற்குத் திருப்புளி என்று அழகான சொல் இருக்கிறது, கேட்டால் கடைக்காரரே முழிக்கிறார்), '40 மிமீ டிரைவர்' என்று அட்டையில் அச்சடித்திருந்த ஹெட்போன், அப்புறம் கணினியில் இல்லாமல் போன அந்த டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள். ஹெட்போனில் இருப்பது காற்றை அசைத்து ஒலியை உண்டாக்கும் சவ்வும் காந்தமும். அதைப் போய் மென்பொருளோடு குழப்பிக்கொண்டு, 'டிரைவர் பெரிசா இருக்கற ஹெட்போன் வாங்கினா சரியாயிடும்' என்று எனக்கு யோசனை சொன்ன ஒரு நண்பரும் உண்டு.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் வண்டியில் இல்லை, மாட்டில் இருக்கிறது. 'டிரைவ்' என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் தள்ளு, விரட்டு, முன்னால் விட்டுத் துரத்து என்றுதான் பொருள். மந்தையை ஓட்டிப் போனவன் டிரைவர், பிறகு மாடு பூட்டிய வண்டியை, குதிரை வண்டியை ஓட்டியவன், அதற்கப்புறம்தான் மோட்டார் வந்தது. கணினிக்காரர்கள் ஒரு சாதனத்தை வேலை வாங்குகிற நிரலுக்கு அதே பெயரைத் தூக்கி வைத்தார்கள். நம்முடைய 'ஓட்டு'ம் கிட்டத்தட்ட அதே வழியில் நடந்த சொல். மாட்டை ஓட்டுகிறோம், ஏர் ஓட்டுகிறோம், ஈ ஓட்டுகிறோம், பஸ் ஓட்டுகிறோம், கையில் காசில்லாமல் மாதக் கடைசியையும் ஓட்டிவிடுகிறோம், பக்கத்தில் இருப்பவனைக் கிண்டல் செய்தால் அதுவும் ஓட்டுவதுதான்.

அப்படியானால் ஓட்டுநர் என்றே வைத்துவிடலாமே என்றால், அது சரிப்படாது. 'நர்' என்று முடிந்தாலே அங்கே ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார், காக்கிச் சட்டையோடு. சாரதி என்று இலங்கையில் சொல்கிறார்கள், அதுவும் ஆள்தான், வடமொழித் தேரோட்டி. சங்கத் தமிழில் தேர் ஓட்டுபவனுக்கு வலவன் என்று பெயர். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறதே, ஓட்டுகிறவன் இல்லாமல் தானே வானில் போகும் வண்டி, அந்த வலவன். தனி டிரைவர் எதுவும் போடாமல் செருகியதும் வேலை செய்கிற யூஎஸ்பி கருவிகளைப் பார்த்தால் எனக்கு இந்த வரிதான் வருகிறது. உண்மையில் அவற்றுக்கும் வலவன் உண்டு, இயங்குதளத்துக்குள்ளேயே பொதுவான ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறார்கள், நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்க் கணிமையில் நிலைத்துவிட்ட சொல் இயக்கி. எனக்கு இதில் குறையே தெரியவில்லை. ஓடு என்பது ஓட்டு ஆவது போல, தூங்கு தூக்கு ஆவது போல, இயங்கு என்பது இயக்கு ஆகிறது: தானாக அசைவது ஒன்று, இன்னொன்றை அசைய வைப்பது மற்றொன்று. கடைசியில் ஒட்டுகிற 'இ' நம் வீட்டுப் பொருள்களில் எப்போதோ குடியேறியது, பாக்குவெட்டி, தேங்காய்த் துருவி, மண்வெட்டி, சுமைதாங்கி. கருவிக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும், ஆள் இல்லாத நிரலுக்கும் உறுத்தாது. இதே வேரில் இயங்குதளம் இருக்கிறது, வட்டைச் சுழற்றும் இயக்ககம் இருக்கிறது, சினிமா இயக்குநரும் இருக்கிறார். இயந்திரம் மட்டும் பார்க்கச் சொந்தக்காரர் மாதிரி இருக்குமே தவிர வேறு குடும்பம், வடமொழி யந்திரம்.

இயக்கிக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டு வருவது பூங்கண் இயக்கிக்கு. யட்சி என்ற தெய்வம், தெற்கே இசக்கியம்மன் என்று சொல்கிறார்களே, அந்த வழி. ஆகவே திரையில் 'இயக்கியைக் காணவில்லை' என்று வந்தால் ஒரு பொங்கல் வைக்கலாமா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இசைப் பதிவுக்கு இந்தச் சொல் பொருந்துகிற மாதிரி ஆங்கிலச் சொல்கூடப் பொருந்தாது என்பேன். மெலிவு, சமன், வலிவு, அதாவது கீழ், நடு, மேல் என்று குரல் போய் வரும் மூன்று நிலைகளுக்கும் தமிழிசையில் பெயர் மூவகை இயக்கம். வாத்தியத்துக்கு இயம் என்று பெயர், வாசிப்பவர் இயவர். ஒலி இயக்கி என்று சொல்லும்போது வெறும் மொழிபெயர்ப்பாக எனக்குக் கேட்பதில்லை.

பெயர் சரி, அது செய்கிற வேலை என்ன? இங்கேதான் எல்லாச் சொல்லும் கொஞ்சம் ஏமாற்றுகிறது, இயக்கியும் சேர்த்து. அது செய்வது தரகு வேலை. போச்சம்பள்ளி சந்தை மாதிரி இடத்தில் மாடு வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், எந்த விரலுக்கு எவ்வளவு என்பது அந்த இருவருக்குத்தான் வெளிச்சம். இயங்குதளத்தின் பொது டிரைவரோடு ஒத்துப்போகிறவை தவிர, ஒவ்வொரு ஆடியோ கருவியும் இப்படித் தனக்கென்று ஒரு விரல் பாஷை வைத்திருக்கிறது. கணினிக்கு அது தெரியாது. பாட்டுப் பதிவு மென்பொருளுக்கும் தெரியாது. கருவியைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் எழுதிக் கொடுக்கிற தரகர்தான் டிரைவர். வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு மாங்காய் மண்டியில் தமிழில் கணக்குச் சொல்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன. பழைய சொல் ஒன்றும் இதற்கு உண்டு, துபாஷி, இரண்டு பாஷைக்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். அகராதியில் இயக்கியே இருக்கட்டும், மனசுக்குள் துபாஷி என்று நினைத்துக்கொண்டால் அமைப்பு வேலை பாதி புரிந்துவிடும்.

ஏனென்றால் தரகர் எத்தனை பேர் என்பதுதான் வீட்டுப் பதிவில் தலைவலியே. விண்டோஸில் எம்எம்ஈ என்ற வழி 1991 முதல் இருக்கிறது, 1995இல் டைரக்ட்சவுண்ட் வந்தது, விஸ்டாவோடு 2007இல் வாசாபி வந்தது. பாட்டு, யூடியூப், அறிவிப்பு மணி எல்லாவற்றையும் ஒரே கலக்கியில் ஊற்றிக் கலந்து வெளியே விடுவதற்கான ஏற்பாடு இது. கேட்பதற்கு நல்லது, பாடிக்கொண்டே கேட்பதற்கு ஆகாது, ஒவ்வொரு கையிலும் கொஞ்ச நேரம் தங்கித் தங்கி வரும். (வாசாபியில் கலக்கியைத் தாண்டித் தனியாகப் போகும் வழியும் வைத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை.) ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கிற ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ என்ற வழி இந்தக் கலக்கியைச் சுற்றிக்கொண்டு, மென்பொருளிலிருந்து நேராகக் கருவிக்குப் போகிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது, இந்தத் தொல்லை குறைவு. லினக்ஸில் ஆல்சா, அதன் மேல் ஜாக், இப்போது பைப்வயர்.

செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. கருவியைச் செருகுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் தளத்திலேயே அதன் மாதிரிப் பெயரைப் பார்த்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள், வேறு எங்கேயோ கிடைக்கிற 'எல்லா டிரைவரும் ஒரே பொட்டலத்தில்' சமாச்சாரத்தைத் தொடாதீர்கள். அப்புறம் பதிவு மென்பொருளின் அமைப்புக்குள் போய் ஆடியோ சாதனம் என்ற இடத்தில் ஆசியோவையும் உங்கள் கருவியின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, டிரைவரைப் போட்டதோடு சரி, மென்பொருள் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் தேடி ஆசியோ இல்லையே என்று குழம்பாதீர்கள், உரிமச் சிக்கலால் பல வருடங்கள் அதில் வைக்காமலே இருந்தார்கள். ரீப்பர் மாதிரி ஒன்றில் இருக்கும். தனிக் கருவி இல்லை, மடிக்கணினியின் சொந்த ஒலி அட்டைதான் என்றால் ஆசியோ ஃபார் ஆல் என்ற இலவச இடைத்தரகர் இருக்கிறார், சமாளிப்பார். ப்ளூடூத் ஹெட்போனைப் பதிவு செய்யும்போது மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள், அதன் தாமதத்தை எந்த டிரைவராலும் தீர்க்க முடியாது.

எங்கள் மாடி அறைக்கு வருகிறேன். டிரைவரைப் போட்டேன், கோடு அசைந்தது, மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடுப்பாக ஆரம்பித்தார். இரண்டு அடி பாடியதும் நிறுத்திவிட்டார். "என்னடா இது, எனக்குப் பின்னாடியே எவனோ பாடறான்?"

அவர் குரல்தான், போய்ச் சுற்றிவிட்டு லேட்டாகத் திரும்பி வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு லேட்டன்சி, லத்தீனில் ஒளிந்திருத்தல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். நாம் சொல்கிற தாமதமும் வடமொழித் தாமசம், தமஸ் என்கிற இருட்டிலிருந்து வந்தது. இருட்டும் ஒளிதலும் இப்படி ஒரு இடத்தில் வந்து சந்திப்பது வேடிக்கைதான். தமிழில் சுணக்கம் என்று சொல்வது எனக்குப் பிடிக்கும், நின்றுபோகாமல் மெத்தனமாக வருகிறது என்பது அந்த ஒலியிலேயே இருக்கிறது. ஆனால் மாமா முகம் போன போக்கைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம்ம தகடூர் அதியமானுக்கு ஔவை பாடியதுதான்: 'யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா'. குழந்தையின் மழலை யாழோடும் சேராது, காலத்தோடும் பொருந்தாது என்கிறாள். பொழுதொடும் புணராமை! தர்மபுரி மண்ணிலேயே லேட்டன்சிக்குச் சொல் கிடந்திருக்கிறது. மழலையாக இருந்தால் தந்தைக்கு இனிக்கும் என்று பாட்டு சொல்கிறது, கூத்துப் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

காரணம் பஃபர். கணினி ஒலியைத் துளித் துளியாக வாங்குவதில்லை, ஒரு கூடை நிறைந்த பிறகுதான் தூக்கும். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை நறுக்கி அளந்த துணுக்குகள்) வருகிற பதிவில் கூடை 1024 என்று இருந்தால் அது நிறையவே 23 மில்லிநொடி, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று இரண்டு முறை. 128 என்றால் 3 மில்லிநொடிக்குள். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு ஒரு அடிக்குச் சற்று மேல் போகிறது என்பதால், 10 மில்லிநொடி சுணக்கம் என்பது கூத்து மேடையில் ஆர்மோனியம் பதினோரு அடி தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம், அது யாருக்கும் உறுத்தாது. கலைச்சொல் பட்டியலில் பஃபருக்கு இடையகம் என்று இருக்கும். இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே 64க்கு இறக்கினேன். குரல் உடனே வந்தது, கூடவே வறுத்த கடுகு மாதிரி சடசடவென்று வெடிப்பு. இந்தப் பழைய மடிக்கணினியால் அந்த வேகத்துக்குக் கூடையைத் தூக்கிப் போட முடியவில்லை.

"அளவு சின்னதானா இடிக்குது, பெருசானா பின்தங்குது, அதுதான மாப்ள?" என்றார் மாமா. "தொப்பூர் இறக்கத்துல முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் விடற எடம் மாதிரி. ஒட்டிக்கிட்டுப் போனா சாத்திடுவ, ரொம்ப விட்டா நடுவுல எவனாவது பூந்துருவான். ஒன் வண்டிக்கு எவ்ளோ பிரேக் புடிக்குதோ அவ்ளோ விடு."

256 வைத்தேன். மாமா துருத்தியைத் திறந்தார்.