காற்றில் கூடிய கரியமில வாயு எங்கிருந்து வந்தது?

மனிதன் தோன்றுவதற்கு முன்பே பூமி பலமுறை சூடாகிக் குளிர்ந்திருக்கிறது. சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின. அதை எந்த விஞ்ஞானியும் மறுக்கவில்லை. சரி, அப்படியானால் இப்போதைய வெப்பமும் இயற்கையாக இருக்கக்கூடாதா? கேட்க வேண்டிய கேள்விதான். விடை காற்றிலேயே, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கரியமில வாயுவில் இருக்கிறது.

1958-இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் எரிமலை கக்கியதா, நாம் எரித்ததா?

அந்த வாயுவில் உள்ள கார்பனில், அணுவின் எடையில் வேறுபடும் மூன்று வகை உண்டு: 12, 13, 14. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் மேல் வளிமண்டலத்தில் கார்பன்-14 உருவாகிறது. செடிகொடிகள் அதையும் சேர்த்தே உறிஞ்சுகின்றன. செடி மடிந்தபின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். நிலக்கரியும் பெட்ரோலியமும் மண்ணுக்கடியில் கிடந்த காலமோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். அவற்றில் கார்பன்-14 மிச்சமே இல்லை. அவற்றை எரித்தால் காற்றில் அதன் விகிதம் குறைய வேண்டும். 1950-களில் ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் மரங்களின் ஆண்டு வளையங்களைச் சோதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தைவிட இருபதாம் நூற்றாண்டு மரத்தில் கார்பன்-14 குறைந்திருந்தது. பிறகு அணுகுண்டுச் சோதனைகள் அதைச் செயற்கையாகக் கூட்டிவிட்டதால், அவற்றுக்கு முந்தைய இந்த மரங்களின் சாட்சி இன்னும் மதிப்பு மிக்கது.

ஆனால் எரிமலைக் கார்பனிலும் கார்பன்-14 கிடையாதே? உண்மை. அங்கேதான் கார்பன்-13 கைகொடுக்கிறது. செடிகள் லேசான கார்பன்-12-ஐயே அதிகம் எடுத்துக்கொள்ளும். அதனால் செடியிலிருந்து வந்த நிலக்கரியில் கார்பன்-13 குறைவு; எரிமலை வாயுவில் அப்படியில்லை. காற்றிலோ கார்பன்-13-இன் விகிதம் தொடர்ந்து சரிந்து வருகிறது. அப்புறம், எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். கீலிங்கின் மகன் ரால்ஃப், காற்றில் ஆக்சிஜனும் சிறிது சிறிதாகக் குறைவதை அளந்து காட்டினார். எரிமலை வாயு வெளியேற ஆக்சிஜன் தேவையில்லை. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, நாம் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

வெப்பத்துக்கு இயற்கைக் காரணமாக மிச்சமிருப்பது சூரியன். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஒளியை அளந்து வருகின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, கூடிக்கொண்டே போகவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. இதுவே என்னை அதிகம் வியக்க வைப்பது. சூரியன்தான் காரணம் என்றால், நாம் வாழும் காற்றடுக்குக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலமும் சூடேற வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழே சூடேறும்போது மேலே குளிர வேண்டும், ஏனென்றால் அந்த உயரத்தில் அந்த வாயு வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடும். வானிலை விஞ்ஞானிகள் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இதை 1967-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். அளவீடுகள் பின்னர் காட்டியதும் அதையே: தரை சூடாகிறது, அடுக்கு மண்டலம் குளிர்கிறது. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.