'சிலர்' என்றால் 'எல்லாரும் இல்லை' என்று யார் சொன்னது?

"தேர்வில் சிலர் தேறிவிட்டார்கள்" என்று ஆசிரியர் சொன்னால், மற்றவர்கள் தேறவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். தேறாதவர்களைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எல்லாருமே தேறியிருந்தாலும் அந்த வாக்கியம் தர்க்கப்படி உண்மைதான்.

சொல்லாத இந்தப் பொருள் எப்படிப் பிறக்கிறது என்று ஆராயும் மொழியியல் கிளைதான் பிராக்மேடிக்ஸ். பேச்சை அதன் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் துறை இது. தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். எதிரில் இருப்பவர் தேவையான அளவுக்குச் சொல்வார், உண்மையைச் சொல்வார், கேட்டதை ஒட்டிச் சொல்வார், தெளிவாகச் சொல்வார் என்று நம்பித்தான் நாம் பேசுகிறோம். எல்லாரும் தேறியிருந்தால் ஆசிரியர் 'எல்லாரும்' என்றே சொல்லியிருப்பாரே! சொல்லவில்லை என்பதிலிருந்து மிச்சத்தை நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

இந்த ஊகம் வயதோடுதான் கைவருகிறது. 'சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு' என்பதை 7, 8 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரி என்றார்கள். பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுத்தார்கள். ஐரா நோவெக் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இது. கறாரான தர்க்கத்தின்படி குழந்தைகள் சொன்னதே சரி.

எதிர்பார்ப்பை வேண்டுமென்றே மீறினாலும் பொருள் பிறக்கும். "புது டாக்டர் எப்படி?" "நேரத்துக்கு வந்துவிடுவார்." வைத்தியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; ஆனாலும் பதில் கிடைத்துவிட்டது.

ஊகித்த பொருளுக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு: அதை ரத்து செய்யலாம். "சிலர் தேறிவிட்டார்கள், ஏன், எல்லாருமே தேறிவிட்டார்கள்" என்பதில் முரண்பாடு இல்லை. "எல்லாரும் தேறிவிட்டார்கள், ஆனால் ஒருவன் தேறவில்லை" என்றால் முரண்படுகிறது. சொன்னது எது, உணர்த்தியது எது என்று பிரித்தறிய இந்தச் சோதனை பெரிதும் உதவுகிறது. '50% வரை தள்ளுபடி' என்ற விளம்பரம் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. ஒரே ஒரு பொருளுக்கு அந்தத் தள்ளுபடி இருந்தாலும் அது பொய்யாகாது. வாங்குபவரை ஏமாற்ற அதுவே போதும் என்பதால், சட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

பேச்சு செய்தி மட்டும் சொல்வதில்லை, செயலும் புரிகிறது. "மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வதே மன்னிப்புக் கேட்பது. தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் விரித்துரைத்த கருத்து இது.

சொல்லாமல் உணர்த்தும் பொருளில் இன்னொரு வகை, முன்அனுமானம்: ஒன்றை உண்மை என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு பேசுவது. இதை ரத்து செய்வது கடினம். "எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டால் 'ஆமாம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் பணம் எடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். குறுக்கு விசாரணையில் இப்படிக் கேட்டால், "நான் பணமே எடுக்கவில்லை" என்று கேள்வியையே மறுப்பதுதான் வழி.