கரப்பான் பூச்சியும் ஜிம் கூச்சமும்

ஜிம்மில் முதல் வாரம். சுவர் முழுக்கக் கண்ணாடி. பக்கத்தில் ஒருவர் நூறு கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிறார்; நம் தோளில் எடை மாட்டாத வெறும் கம்பி. ஸ்குவாட் செய்ய உட்கார்ந்தால் முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. வீட்டில் ஓரளவு ஒழுங்காக வந்த பயிற்சி இங்கே மட்டும் ஏன் சொதப்புகிறது?

"உன்னை யாரும் பார்க்கவில்லை" என்பார்கள். பாதி உண்மைதான். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குப் பாடகர் பாரி மேனிலோவின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அந்த வயதில் போட வெட்கப்படும் சட்டை. கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். நம் சட்டை நம் மனத்தை எவ்வளவு அடைத்திருக்கிறதோ, அதை வைத்தே அடுத்தவர் மனத்தையும் அளந்துவிடுகிறோம்.

சரி, இது தெரிந்தால் கூச்சம் போய்விடுமா? முழுக்கப் போகாது. கூட்டத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை வேறு கதை.

உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1969-இல் இதைக் கரப்பான் பூச்சிகளை வைத்தே சோதித்தார். வெளிச்சம் அடித்ததும் அவை இருட்டைத் தேடி ஓட வேண்டும். பாதையின் ஓரத்தில் கண்ணாடிபோன்ற பெட்டிகளில் வேறு கரப்பான் பூச்சிகள் 'பார்வையாளர்களாக' இருந்தன. நேர்ப்பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது வேகம் கூடியது. வளைந்து திரும்ப வேண்டிய பாதையிலோ குறைந்தது. ஸாயன்ஸின் விளக்கம் இதுதான்: அருகில் ஆள் இருந்தால் உடம்பு உஷாராகிறது, அந்த நிலையில் எது சுலபமாக வருமோ அதுவே முந்திக்கொண்டு வரும். பழகியவருக்கு அது சரியான அசைவு. புதியவருக்குப் பெரும்பாலும் தப்பான அசைவு.

இதோடு இன்னொரு தொல்லை: கூச்சம் வந்ததும் கவனம் முழுக்க நம் கைகால் மேல் திரும்பிவிடுகிறது. உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் காப்ரியேல் வுல்ஃப் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நின்றவர்களில் தங்கள் பாதங்களைக் கவனித்தவர்களைவிட, பலகைக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். ஜிம்மில் இதை அப்படியே செய்யலாம். 'முட்டி சாயுதா' என்று பார்த்துக்கொண்டிருக்காமல், 'தரையைக் கீழே தள்ளு' என்று நினைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள்.

என் கணக்கில், கூட்ட நேரத்தில் புதுப் பயிற்சியை ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வீரம் காட்ட வேண்டிய இடமில்லை அது. கூட்டமில்லாத நேரத்திலோ வீட்டிலோ கை பழகட்டும். அப்புறம் கூட்டத்துக்குள் போனால், முன்பு கெடுத்த அதே உஷார் இப்போது கைகொடுக்கும். அந்த நூறு கிலோக்காரருக்கு நாம் பக்கத்தில் நின்றதே தெம்பாக இருந்திருக்கலாம். அவருக்குப் பெட்டிக்குள் இருக்கும் கரப்பான் பூச்சி நாம்தான்.