முதுகில் பிறந்த சீழ் தொடையிடுக்குக்கு வந்த வழி

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மாமா காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். முதலில் குடலிறக்கம் என்றார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு தசையில் டிபி என்கிறார்கள். அவருக்கு இருமலே கிடையாதே?"

இருமல் இல்லாமலும் வரும். நகம், முடி தவிர உடம்பில் எங்கு வேண்டுமானாலும் காசநோய்க் கிருமி குடியேறும் என்பார்கள் டாக்டர்கள். ஆனால் தசை அதற்கு அவ்வளவாக ஒத்துவராத இடம். தசையில் ஊறும் லாக்டிக் அமிலமும் நல்ல ரத்த ஓட்டமும் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதனால் தசையில் டிபி என்றாலே பக்கத்து எலும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாமாவுக்கு முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள்.

முதுகு எங்கே, தொடையிடுக்கு எங்கே? ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால், கறிக்கடையில் உரித்துத் தொங்கும் ஆட்டின் வயிற்றுக்குள் எட்டிப் பாருங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கிட்னிக்குப் பின்னால், நீளவாக்கில் மெத்தென்று ஒரு கறி ஒட்டியிருக்கும். நமக்கும் அது உண்டு. பெயர் சோவாஸ். இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்புக்கூட்டின் விளிம்பைத் தாண்டி, தொடையிடுக்கு வழியாக இறங்கித் தொடையெலும்பின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. படியேறும்போது தொடையைத் தூக்குவது இதுதான். இதன் மேல் தலையணை உறை மாதிரி ஒரு சவ்வு. முள்ளெலும்பைக் கிருமி அரித்துச் சீழ் திரண்டால், அது பக்கவாட்டில் கசிந்து இந்த உறைக்குள் நுழைந்துவிடும். அப்புறம் மேட்டூர் வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர்தான், பள்ளம் பார்த்து இறங்கும். வெளியே எட்டிப் பார்க்கும் முதல் இடம் தொடையிடுக்கு. அதனால்தான் குடலிறக்கம் என்று ஏமாறுகிறோம். காலை நீட்டிப் படுக்க முடியாமல் மடக்கியே வைத்திருப்பார் நோயாளி. உறைக்குள் இருக்கும் தசையை இழுத்தால் வலிக்குமே!

இன்னொரு வேடிக்கை, இந்தக் கட்டி சுடாது. சாதாரணச் சீழ்க்கட்டி சிவக்கும், கொதிக்கும், விண்விண்ணென்று தெறிக்கும். காசநோய்க் கிருமிக்கோ அவசரமே இல்லை. ஒன்று இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். உடம்பும் நிதானமாக அதைச் சுற்றி அணுக்களால் வேலி கட்டுகிறது. நடுவில் செத்த திசு பாலாடைக்கட்டி போலாகி, பிறகு இளகிச் சீழாகிறது. டாக்டர்கள் இதைக் 'குளிர்ந்த கட்டி' என்பார்கள். வலி குறைவு என்பதால் மஞ்சள் சுண்ணாம்புப் பற்று, பாடம் போடுதல் என்று மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கீறிவிடுவதுதான் ஆபத்து. புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். விவரமான டாக்டர் கட்டியின் உச்சியில் குத்தமாட்டார். சற்றுத் தள்ளி, நல்ல தோல் வழியாக, மேலிருந்து சாய்வாக ஊசியை விட்டு உறிஞ்சுவார். ஊசியை எடுத்ததும் துளை கோணலாக அடைபட்டுவிடும்.

உறிஞ்சிய சீழில் கிருமிகள் கொஞ்சம்தான் இருக்கும், நுண்ணோக்கியில் தப்பிவிடும். சிபிநாட் சோதனை கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் விடை வரும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது மசியுமா என்பதும் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் உறவினர் ஒருவருக்கு எடுத்த சதைத்துண்டு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டார்கள். கிருமி செத்துப்போனால் எதை வளர்ப்பது? பாதியையாவது உப்புநீரில் போடச் சொல்லுங்கள்.

பிறகு மாத்திரை: ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். நுரையீரலுக்கு வழக்கமாக 6 மாதம். எலும்பில் வேர் இருந்தால் ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும். "மலைக்காற்றே போதும்" என்று யாராவது சொன்னால், சென்னை சேத்துப்பட்டைக் காட்டுங்கள். அங்கே நடந்து 1959-இல் வெளியான ஆய்வுதான், சானடோரியம் எனும் காற்றோட்டமான காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்தாலும் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று காட்டியது. உலகமே அதைப் பார்த்து சானடோரியங்களை மூடியது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதே இல்லை.

மாமாவிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி சிலருக்குக் கொஞ்சம் பெரிதாகலாம். டாக்டரிடம் காட்டட்டும், மாத்திரையை மட்டும் அவராக நிறுத்தக் கூடாது.