குதிரை பின்காலை இழுத்தால்: விலங்கு நோய்கள் சட்டம் கேட்பது என்ன?

மாரி தொடங்கி நுளம்பு பெருகினால், நேற்றுவரை நன்றாக நின்ற குதிரையோ ஆடோ பின்காலை இழுத்து நடக்கும். குளம்பின் முன்நுனி நிலத்தில் உரசித் தேய்ந்திருக்கும். திருப்பினால் இடுப்பு ஒரு பக்கம் சரியும். தீன் தின்னும், காய்ச்சல் இராது. குளிர் பிடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதில் மூன்று நாள் போய்விடும். மருந்து பலன் தரக்கூடிய நாட்களே அவைதான்.

இலங்கையின் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படி, அறிவிக்க வேண்டிய நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் சொல்லுவது கடமை. உரிமையாளருக்கு மட்டுமல்ல, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். என்ன நோய் என்று நீங்கள் முடிவு செய்யத் தேவையில்லை. பின்கால் இழுப்பில் அது முடியவும் முடியாது.

பெரும்பாலும் காரணம் செற்றேரியா என்ற நூல்போன்ற வெள்ளைப் புழு. அது மாட்டின் வயிற்றறையில் வாழும், மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. மாட்டைக் கடித்த நுளம்பு சுமார் இரண்டு வாரம் கழித்துக் குதிரையைக் கடித்தால், குஞ்சுப்புழு வழிதவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் போய்விடும். இலங்கைக் குதிரைகளின் 'கும்ரி' எனப்படும் இந்தப் பின்கால் வாதத்துக்குக் காரணம் இதுவே என்று 1955 இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் விசர்நோயும் இப்படியே பின்காலில் தொடங்கலாம். எனவே தொண்டையில் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். உமிழ்நீர் கையில் பட்டால் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர் வரும்வரை விலங்கைத் தனியே, வழுக்காத மண்தரையில் கட்டுங்கள். காலையும் மாலையும் மலவாயில் வெப்பம் பார்த்து எழுதுங்கள். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் இயல்பு. நடப்பதையும் திரும்புவதையும் கைபேசியில் பிடித்து வையுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, மெலிந்து, வயிற்றின் அடியும் காலும் வீங்கினால், இரத்தம் குடிக்கும் பெரிய இலையான் பரப்பும் சுர்ரா நோயாகவும் இருக்கலாம். அதற்கு இரத்தத்தைக் காய்ச்சல் உள்ள நேரத்திலேயே எடுக்க வேண்டும். மற்ற நேரம் கிருமி கண்ணில் படாமல் போகும். செற்றேரியாவில் நிலைமை வேறு. குதிரையின் இரத்தத்தில் பொதுவாக ஒன்றும் தெரியாது, ஆகவே 'இரத்தம் சுத்தம்' என்ற முடிவை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

செற்றேரியாவுக்குக் கொடுக்கும் புழுமருந்து ஐவர்மெக்டின். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 250 கிலோ குதிரைக்கு 50 மில்லிகிராம். வைத்தியர் சொன்ன பிறகு, வாய்வழியாக மட்டும். மாட்டுக்கு வைத்திருக்கும் ஊசிமருந்தைக் குதிரைக்குப் போட்டால் போட்ட இடம் வீங்கி அழுகலாம். மருந்து புழுவைக் கொல்லும், அறுந்த நரம்பை ஒட்டவைக்காது.

இரவில் குதிரையையும் ஆட்டையும் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். பொழுதுபடும்போது வலை போடுங்கள்.

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைக்கு உரிமையாளர் இல்லை. தள்ளாடும் ஒன்றைக் கண்டால் பிடிக்கப் போகாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கிராம அலுவலரிடம் அன்றே சொல்லுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில்தான் உதவி வர வேண்டியிருக்கும். அடுத்த நாள் சொன்னால் ஒரு படகு தவறிவிடும்.