பெர்ம்னா என்ன, அதுக்கு நம்ம சொல்லு எது?

போன புரட்டாசில எங்க ஊரு வாய்க்கால் ரோட்டுக்கு ஜேசிபி வந்துச்சு. ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல ஆறடி அகலத்துக்கு நொச்சி, ஆடாதொடை, எருக்கு, யாரோ எப்பவோ போத்து நட்டு வச்ச நாலு பூவரசுன்னு மண்டிக் கிடக்கும், அரை மணி நேரத்துல வெறும் மண்ணாயிடுச்சு. எங்க அப்பாயி போயி "ஏந்தம்பி, சளி புடிச்சா வேது புடிக்க நொச்சிக்கு எங்க போவேன்"னு கேக்குது, அதுக்கு சூப்பர்வைசர் "பெர்ம் கிளியர் பண்றோம் ஆயா, இது புறம்போக்கு தானே, யாருதும் இல்லையே"ங்குறாரு.

இந்த பெர்முங்குற சொல்ல எஸ்டிமேட்டுலயும் காண்ட்ராக்டர் வாயிலயும் ரொம்ப நாளா கேட்டுகிட்டு இருக்கேன், அர்த்தம் தேடுனது அன்னிக்கு ராத்திரிதான். தார் முடியுற எடத்துலேந்து பள்ளமோ வாய்க்காலோ ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள மண் பட்டை, அதான் பெர்ம். தார் விளிம்பு உடையாம அண்டக் குடுக்குறது அதோட வேலை. இங்க்லீஷுக்கு இது பிரெஞ்சுலேந்து வந்துச்சு, பிரெஞ்சுக்கு டச்சுலேந்து. பழைய அர்த்தம் ஒண்ணு ரொம்ப சுவாரசியம்: கோட்டையோட மண்மதிலுக்கும் அகழிக்கும் நடுவுல விடுற சின்ன தட்டு, மதில் மண்ணு சரிஞ்சா அகழிய தூர்க்காம அதுல தங்கிக்கணும்னு. (நாகப்பட்டினம் 1658லேந்து 1781 வரைக்கும் டச்சுக்காரங்க கையில தான் இருந்துச்சு, ஆனா அங்கேந்து நேரா நடந்து வந்துச்சுன்னு கதை கட்டிடாதீங்க, நமக்கு இது இன்ஜினியர் இங்க்லீஷ்ல வந்த சொல்லு.)

டச்சுல இன்னிக்கும் ரோட்டோரப் புல் பட்டைக்கு பெர்ம்னு தான் பேரு. அத பராமரிக்கிறதுக்குன்னு "பெர்ம்பெஹேர்"னு தனியா ஒரு சொல்லே வச்சிருக்காங்க, அந்தந்த ஊரு முனிசிபாலிட்டி அதுல இறங்கி வேலை பாக்குது. பல எடத்துல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ தான் அறுப்பாங்க, அறுத்த புல்ல அங்கயே போடாம அள்ளிடுவாங்க. போட்டா மக்கி உரமாகி முரட்டுப் புல்லா மண்டிக்கும், அள்ளிட்டா மண்ணு சத்து கொறைஞ்சு அந்த ஊரு காட்டுப்பூச்செடிங்க தலை தூக்கும். நம்மாளுங்க சொல்ல மட்டும் எடுத்துகிட்டு அதுக்குள்ள இருந்த புல்லு பூண்ட விட்டுட்டாங்க. நம்ம எஸ்டிமேட்டுல அதுக்கு பேரு "ஜங்கிள் கட்டிங்", அவ்ளோதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. ஆத்துக்குன்னா யோசிக்கவே வேணாம், டெல்டாக்காரனுக்கு படுகை இருக்கு, தண்ணி ஓடுற எடத்துக்கும் கரைக்கும் நடுவுல வண்டல் படுஞ்சு கெடக்குற நெலம், வாழையும் மூங்கிலும் நிக்கிற எடம். ரோட்டுக்கு அது ஒட்டாது. அகராதி பாணில "சாலையோரத் திட்டு"ன்னு போடலாம், ஆனா திட்டுன்னா நமக்கு தண்ணி சூழ்ந்த மேடு. வாயில வர்ற சொல்லு ரோட்டோரம். எழுத்துல சாலையோரம் போதும், அந்த மண்ணையே குறிக்கணும்னா சாலையோரப் புறம்போக்கு. என் ஓட்டு இதுக்குத்தான்.

"அய்ய, அது திட்டுற வார்த்தையாச்சே"ம்பீங்க. புறம் + போக்கு, வரிக்கணக்குக்கு வெளிய விட்டது. ஊருக்கே வேணும்னு ஒதுக்குனதால வரி போடல, அவ்ளோதான் விஷயம். பழக்கம் பழசு, தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் காலத்து கல்வெட்ட பாருங்க, கோயிலுக்கு விட்ட ஊரு நெலத்த அளந்துட்டு அதுலேந்து ஊர்நத்தம், குளம், "ஊடறுத்துப் போன வாய்க்கால்", சுடுகாடு இதையெல்லாம் இறையிலின்னு, அதாவது வரி இல்லாத நெலம்னு, கழிச்சிருக்கும். புறம்போக்குங்குற சொல்லு அங்க இல்ல, எண்ணம் அதே தான். இப்பவும் விஏஓ கிட்ட ஊரு நெலக் கணக்கான அ-பதிவேட்ட கேட்டு பாருங்க, சாலை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் புறம்போக்குன்னு தான் இருக்கும், அதுல ரோடும் வாய்க்காலும் ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, யாருக்கும் பட்டா குடுக்கக்கூடாது. அதுல நிக்கிற மரத்துக்குன்னே 2சின்னு தனி கணக்கு, அதுல பேரு இருக்குறவருக்கு நெலத்துல உரிமை கிடையாது, காய் பறிச்சுக்கலாம். மரத்துக்கு கூட கணக்கு வச்சிருந்த எடத்ததான் அந்த சூப்பர்வைசர் யாருதும் இல்லன்னாரு. யாருதும் இல்லாத நெலம்ங்குறது போயி யாருக்கும் ஆகாத ஆளுன்னு வசவாவே மாறிடுச்சு.

அந்த ரோடு என்னாச்சுன்னா, ஐப்பசி அடமழைல வேர் இல்லாத களிமண்ணு பொதபொதன்னு ஊறி ரெண்டு எடத்துல தாரோட சேர்ந்து வாய்க்கால்ல எறங்கிடுச்சு, கோட்டை கட்டுனவன் எதுக்காக பெர்ம் விட்டானோ அதே கூத்து. நானும் ஒரு மனு எழுதுனேன், "சாலையோரப் புறம்போக்கில் நொச்சி, பூவரசு நட்டு, சீமைக்கருவேலைத் தவிர மற்றதை வெட்டாமல் விட வேண்டும்"னு. வாங்குன கிளர்க் ரெண்டு தடவ படிச்சாரு. "சார், இது பெர்ம் தானே"ன்னு கேட்டு பேனாவால மேல அப்படியே எழுதிகிட்டாரு.